அடுப்பருகே நின்றவள்

குடுமியான்மலை
8-7-2024

அன்புள்ள மதினிக்கு,

பொன்னுத்தாய் எழுதுவது. இப்போது உங்களை அப்படிக் கூப்பிட எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. இருபத்தைந்து வருஷமாக வேறு முறை சொல்லி உங்களை நினைத்ததில்லை, அதனால் கை அதையே எழுதிவிட்டது. நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகம். இங்கே அங்கன்வாடியில் பணியாளராக இருக்கிறேன். அவர் குவைத்தில் டிரைவர். எங்களுக்கு ஒரே மகள், சிவரஞ்சனி. புதுக்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கி பி.ஏ. தமிழ் இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.

அவளால்தான் இந்தக் கடிதம். நீங்கள் எழுதிய ‘நெல் அவித்த நாள்’ நாவலை இந்த வருஷம் அவர்களுக்குப் பாடமாக வைத்திருக்கிறார்கள். கதை எழுதுகிற மருமகளின் மூன்று நோட்டுகளையும் நெல் அவிக்கும் அடுப்பில் போட்டு எரிக்கிற நாத்தனாருக்கு அதில் தங்கத்தாய் என்று பெயர். பொன்னைத் தங்கம் என்று மாற்றினால் இந்த ஊரில் யாருக்குத் தெரியாமல் போகும்? போன மாதம் கோயில் கல்வெட்டைப் பார்க்க வேனில் வந்த காலேஜ் பிள்ளைகள், தேங்காய்க் கடையில் நின்று “தங்கத்தாய் வீடு எதுங்க?” என்று கேட்டிருக்கிறார்கள். கடைக்காரர் கையை நீட்டிக் காட்டிவிட்டார். வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். நான் உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வெளியே வரவில்லை.

சிவரஞ்சனிக்கு வகுப்பில் கொடுத்திருக்கும் தலைப்பு, ‘தங்கத்தாய்: பெண்ணுக்குப் பெண்ணே எதிரி’. ஜனவரியில் எல்லார் முன்னாலும் கட்டுரை வாசிக்க வேண்டுமாம். மாமாவின் முதல் மனைவி எழுத்தாளர் என்று அவளுக்குத் தெரியும். மற்றது தெரியாமல் இருந்தது. பதினைந்து நாளைக்கு முன் வந்து நேராகக் கேட்டுவிட்டாள். நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அதிலிருந்து அவள் வீட்டுக்கு வரவில்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். தங்கத்தாய் வேறு, உன் அம்மா வேறு என்று அவளுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். வேறெதுவும் வேண்டாம்.

போன் செய்யாதீர்கள். அண்ணன் வீடு அடுத்த வீடு, நடுவில் ஒரே சுவர். அதோடு போன் என்றால் எனக்குப் பேச்சுக்கு முன்னால் அழுகை வரும். அங்கன்வாடி முகவரிக்கு எழுதுங்கள். அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பொன்னுத்தாய்

புதுக்கோட்டை
19-8-2024

அன்புள்ள பொன்னுத்தாய் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி முகவரிக்கு வந்த உங்கள் கடிதம் கிடைத்தது. இடைப்பருவத் தேர்வு வேலைகளால் பதில் தாமதமாகிவிட்டது. நானும் அம்மாவும் நலம். உங்கள் குடும்பத்தினர் நலமாக இருக்க விழைகிறேன்.

நாவலில் வரும் எந்தப் பாத்திரமும் தனிப்பட்ட ஒருவரைக் குறிப்பதல்ல. பல பெண்களிடம் பார்த்தவற்றைச் சேர்த்து உருவாக்கப்பட்டவள் தங்கத்தாய். ஆண்களின் அதிகாரத்தைப் பெண்களின் கையைக் கொண்டே நடத்திக்கொள்ளும் குடும்ப அமைப்பைத்தான் அந்த நாவல் விமர்சிக்கிறது. அவள் மீது வெறுப்பு வரவேண்டும் என்பது என் நோக்கமல்ல. ‘பெண்ணுக்குப் பெண்ணே எதிரி’ என்ற தலைப்பும் எனக்கு உடன்பாடானது இல்லை. பேராசிரியர்கள் அப்படிப் படித்தால் நான் என்ன செய்ய முடியும்?

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த நாள் எனக்கு நடந்த நாள். அதை எழுதாமல் இருந்திருந்தால் நான் அதற்குப் பிறகு எதையும் எழுதியிருக்க மாட்டேன். உங்கள் மகளுக்குத் தனியாகக் கடிதம் எழுதுவது முறையாக இருக்காது என்று நினைக்கிறேன். அவர் நல்ல வாசகியாக வளர என் வாழ்த்துகள்.

அன்புடன்,
பிரகதாம்பாள்

குடுமியான்மலை
26-8-2024

அன்புள்ள மதினிக்கு,

இங்கு சுகம். அங்கு அத்தைக்குக் கண்ணில் புரை என்று அன்னவாசல் பக்கம் யாரோ சொல்லக் கேட்டேன். ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீர்கள்.

கடிதத்தை நாலு தடவை படித்தேன். என்னை ‘நீங்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். வாசலில் நிறுத்தி வைத்துப் பேசுவது போல இருந்தது.

பல பெண்களைச் சேர்த்து உருவாக்கினேன் என்கிறீர்கள். தங்கத்தாய்க்கு இடது புருவத்தில் மாடு முட்டிய வடு இருக்கிறது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை வாயில் போட்டுக்கொள்கிறாள். கோபம் வந்தால் மூக்கைச் சுளிக்கிறாள். மதினி, அந்தப் பல பெண்களும் நான் ஒருத்திதான்.

சிவரஞ்சனி வந்த அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. என் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அது நீயா?”

“எது?”

“தெரியாத மாதிரி கேக்காத. அந்த நோட்டை நீ எரிச்சியா?”

“நான் அடுப்புல வெறகு தள்ளிக்கிட்டு இருந்தேன்.”

“நான் கேட்டதுக்கு இதாம்மா பதிலு? எரிச்சேன்னு சொல்லு, இல்ல எரிக்கலன்னு சொல்லு.”

நான் குழம்பைக் கிண்டிக்கொண்டே நின்றேன். “அந்தப் புத்தகத்தைப் படிச்சுட்டு நான் எப்படி அழுதேன் தெரியுமா? அவுங்கள மாதிரி ஆகணும்னு நெனச்சேன். கடைசியில எரிச்சவ எங்க அம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். சாப்பிடவில்லை.

அவளிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன். உங்கள் நோட்டை அடுப்பில் போட்டது நான் இல்லை. இதற்கு மேல் எதுவும் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
பொன்னுத்தாய்

புதுக்கோட்டை
15-9-2024

பொன்னுவுக்கு,

நலம்தானே? இங்கே அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது. குறைந்ததும் கண் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

கேட்காதே என்று நீ எழுதிவிட்டாய். கேட்காமல் எப்படி இருப்பேன்? எனக்கு நினைவிருப்பதை எழுதுகிறேன், தப்பு இருந்தால் சொல். 1998 தை மாதம். தபால் வழியில் படித்துக்கொண்டிருந்த பி.எட். தேர்வுக்கு நான் திருச்சி போய்விட்டு அந்திக்குத் திரும்பினேன். கொல்லையில் நெல் அவிந்துகொண்டிருந்தது. டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது. நோட்டுகள் இல்லை. பதினொரு கதைகள், பொன்னு. வேறு பிரதி கிடையாது. ஓடிப்போய்ப் பார்த்தால் நீ அடுப்பின் முன் கம்போடு நிற்கிறாய். சாம்பலில் நோட்டின் காலிகோ அட்டை சுருண்டு கிடக்கிறது. “நீயா?” என்று கேட்டேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். மூன்று தடவை கேட்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசாதவளைப் பற்றி நான் என்ன எழுதியிருக்க முடியும்?

உங்கள் அண்ணன்தானே? அவர் சொல்லி, அவரைக் காப்பாற்றத்தானே வாய் மூடினாய்? அப்படியென்றால் இப்போதாவது சொல்லிவிடு. அடுத்த வருஷம் நான் அந்த வீட்டை விட்டு வெளியேறியபோது என் கூட நின்றது என் அம்மா ஒருத்திதான். ‘எழுது’ என்று சொன்னதும் அவர்தான். அந்த நாவலையே அவருக்குத்தான் சமர்ப்பித்திருக்கிறேன், பார்த்திருப்பாய். எனக்கு உண்மை தெரிய வேண்டும்.

உடனே எழுது.

பிரகதா

குடுமியான்மலை
2-11-2024

அன்புள்ள மதினிக்கு,

தீபாவளி நல்லபடியாக முடிந்திருக்கும். அத்தைக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்றா? சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடுங்கள். இங்கே பத்து நாளாக மழை. அங்கன்வாடிக் கூரையில் ஒழுகிப் பிள்ளைகளை ஒரே மூலையில் உட்கார வைத்திருக்கிறேன். நீங்கள் உடனே எழுதச் சொல்லியும் தாமதமாகிவிட்டது. மழையைக் காரணம் சொல்லலாம். ஆனால் மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன் என்பதுதான் உண்மை.

அண்ணனைச் சந்தேகப்படாதீர்கள். உங்களிடம் அவர் நடந்துகொண்டதற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. எழுதக் கூடாது என்று உங்கள் பேனாவைப் பிடுங்கி முறித்தவர்தான். ஆனால் அன்றைக்கு மணப்பாறைச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போனவர், நீங்கள் வந்த பிறகுதான் வந்தார். எங்கள் அம்மாவும் வீட்டில் இல்லை, விராலிமலைக்குப் போயிருந்தது.

நான் ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவர் கேட்ட காரணம் நியாயமாக இருந்தது. அதனால் கொடுத்தேன். நீங்கள் யார் என்று தேட வேண்டாம், மதினி. பொன்னுத்தாய் செய்யவில்லை என்று மட்டும் என் மகளிடம் சொல்லுங்கள். போன வாரம் ஹாஸ்டலுக்கு முறுக்கு கொண்டுபோனேன். வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பொன்னுத்தாய்

புதுக்கோட்டை
17-11-2024

அன்புள்ள பொன்னுவுக்கு,

அம்மாவுக்கு ஆபரேஷன் நன்றாக முடிந்தது. இப்போது தினமலரைக் கையில் வைத்து அவரே படிக்கிறார்.

உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அன்று முழுக்க வகுப்பில் என்ன நடத்தினேன் என்று தெரியவில்லை. அண்ணன் இல்லை. மாமியார் இல்லை. நெல் அவிக்க ஒத்தாசைக்கு என்று அன்னவாசலில் இருந்து வந்திருந்த ஒருவர் இருந்தார். இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாள்கூட அவரை நான் அந்தக் கொல்லையில் நிறுத்திப் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் கேட்டேன். அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கு நோட்டை அடுப்புல போட்டது யாரும்மா?”

கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். “பொன்னு சொல்லிட்டாளா?”

“இல்ல.”

“சொல்ல மாட்டா” என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “நாந்தான்” என்றார்.

அவரே பேசினார். “மூணாவது நோட்டுல ஒரு கதை. புருசன் தூங்கையில ஒருத்தி தாலியைக் கழட்டி ஆணியில மாட்டிட்டுக் கெளம்புறா. நான் படிச்சது மூணாப்பு, எழுத்துக் கூட்டித்தான் படிச்சேன். மாப்பிள்ளை படிச்சா ஒன்னை உயிரோட விடுவாரா? அவர் படிக்கிறதுக்கு முன்ன நான் படிச்சுட்டேன், அம்புட்டுதான்.”

“நல்லா இல்லன்னா எரிச்ச?”

“கதை நல்லாத்தான் இருந்துச்சு. அதான் பயந்தேன்.”

என் முதல் வாசகி என் அம்மா என்று எத்தனை மேடைகளில் சொல்லியிருக்கிறேன், பொன்னு. அது எவ்வளவு சரி என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்டேன். பூண்டைத் தட்டோடு எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ‘சாப்பாடு’, ‘மாத்திரை’ என்பதைத் தவிர வேறு பேசவில்லை. அன்றைக்கு அம்மாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. இப்போது எனக்கு அதே வயது. அந்த இடத்தில் என்னை வைத்துப் பார்க்கிறேன், கோபமும் முழுசாக வர மறுக்கிறது.

என்னிடம் சொல்லாததை உன்னிடம் சொல்லித்தானே வாக்கு வாங்கியிருப்பார்? என்ன சொன்னார்?

உன்,
பிரகதா

குடுமியான்மலை
24-11-2024

அன்புள்ள மதினிக்கு,

அத்தைக்குப் பார்வை திரும்பியது சந்தோஷம். அவரே ஒத்துக்கொண்ட பிறகு மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை.

அன்றைக்கு நான் தீ தள்ளிக்கொண்டிருந்தேன். அத்தை முந்தானைக்குள் வைத்து எடுத்துவந்து அடுப்பில் போட்டதைப் பார்த்தேன். “அத்தே, அது மதினி நோட்டு” என்றேன். “தெரியும்டி” என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். “பொன்னு, நீ இந்த வீட்டுப் பொண்ணு. ஒன் மேல கோவப்பட்டா அவ நாலு நாள் பேச மாட்டா, ஒனக்கு ஒண்ணும் கொறஞ்சுறாது. நான் செஞ்சேன்னு தெரிஞ்சா எம் மக எங்கிட்டு வருவா? நாளைக்கே இந்த வீடு அவளுக்கு ஆகாமப் போச்சுன்னா, அவ வந்து நிக்க எங் கதவு ஒண்ணுதானே இருக்கு? அதை நீ சாத்திறாத” என்றார்.

அடுத்த வருஷம் நீங்கள் பையோடு இறங்கிப் போனபோது நேராக அத்தை வீட்டுக்குத்தான் போனீர்கள். அன்றைக்கு நான் வாசலில் நின்று பார்த்தேன். சொல்லாமல் இருந்தது நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன். நாலு நாள் கோபம் புத்தகமாகிக் காலேஜ் வரைக்கும் போகும் என்று அத்தைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இத்தோடு கடிதத்தை முடித்தால் நான் நல்லவள் ஆகிவிடுவேன். ஆனால் இன்னொன்று இருக்கிறது. நோட்டு விழுந்ததும் உடனே பற்றவில்லை. அட்டை கெட்டி. இழுத்துப் போட எனக்கு நேரம் இருந்தது. நான் இழுக்கவில்லை. கையில் இருந்த கம்பால் உள்ளே தள்ளினேன். எரியட்டும் என்று தோன்றியது.

ஏன் என்று கேட்பீர்கள். சாயங்காலம் நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்ததும் நீங்கள் உள் ரூமில் உட்கார்ந்துவிடுவீர்கள். மாட்டுக்குத் தண்ணி காட்டுவது, பால் பீய்ச்சுவது, ராத்திரிச் சாப்பாடு, பாத்திரம் எல்லாம் என் கை. மதினி எங்கே என்று அம்மா கேட்டால் தலைவலி என்று சொல்வதும் நான்தான். நானும் பிளஸ் டூ பாஸ் பண்ணியவள். மேலே படிக்க அனுப்பவில்லை. நீங்கள் என்ன எழுதுகிறீர்கள் என்று ஒரு நாள் கதவருகே வந்து கேட்டேன். ‘உனக்குப் புரியாது பொன்னு’ என்றீர்கள்.

உங்கள் நாவலில் தங்கத்தாய் பொறாமைப்படுகிறாள் என்று இருக்கிறது. அது சரிதான். எதற்கு என்றுதான் அதில் இல்லை.

இப்படிக்கு,
பொன்னுத்தாய்

புதுக்கோட்டை
29-12-2024

அன்புள்ள பொன்னுவுக்கு,

நீயும், குவைத்தில் மாப்பிள்ளையும், சிவரஞ்சனியும் நலமாக இருக்க வேண்டும். இங்கே மார்கழிப் பனியில் அம்மாவுக்குச் சளி. கஷாயம் வைத்துக் கொடுக்கிறேன். எனக்கும் அவருக்கும் இடையில் பேச்சு மெல்லத் திரும்பியிருக்கிறது.

ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. கோபத்தால் இல்லை. உன் கடிதத்துக்குப் பதில் எழுத எனக்குத் தெரியவில்லை. ‘உனக்குப் புரியாது’ என்று சொன்னது நினைவில்லை என்று எழுதப் போனேன். நினைவிருக்கிறது. பாவாடை தாவணியில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே நீ நின்றதும் நினைவிருக்கிறது.

பெண்கள் வீட்டில் செய்யும் வேலை யார் கண்ணிலும் படுவதில்லை என்று நான் எழுதிய கட்டுரையைப் பல இடங்களில் மேற்கோள் காட்டுகிறார்கள். அதை எழுதிய காலத்தில் என் சமையலை அம்மா செய்தார். அதற்கு முன்பு நீ செய்தாய். உன்னை நான் அடுப்பின் முன்னால் அந்த ஒரு நாள் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். மற்ற நாட்களிலும் நீ அங்கேதான் நின்றாய்.

நாவல் அடுத்த பதிப்புக்குப் போகிறது. அந்த அத்தியாயத்தையே மாற்றி எழுதுகிறேன், நடந்ததை முன்னுரையில் சொல்கிறேன் என்று பதிப்பாளரிடம் பேசினேன். அம்மாவிடமும் சொன்னேன். “போடு. எம் பேரையும் போடு. எம்பது வயசுல எனக்கு யார் பொண்ணு தர மாட்டேன்னு சொல்லப் போறாக?” என்றார்.

நீ சரி என்று சொன்னால் அனுப்பிவிடுகிறேன். சிவரஞ்சனியின் கட்டுரை என்றைக்கு?

உன் மதினி,
பிரகதா

குடுமியான்மலை
4-1-2025

அன்புள்ள மதினிக்கு,

இங்கு சுகம். அத்தையின் சளிக்குத் தூதுவளை கொடுங்கள். இங்கே வேலியெல்லாம் படர்ந்து கிடக்கிறது, பறித்து அனுப்பத்தான் வழியில்லை.

முதல் முறையாகக் கடிதத்தில் ‘உன் மதினி’ என்று போட்டிருக்கிறீர்கள். பார்த்தேன்.

முன்னுரை வேண்டாம். என் வாசலில் வந்து போட்டோ எடுத்தவர்கள் அடுத்து உங்கள் வாசலுக்கு வருவார்கள். அத்தை தைரியமாகப் பேசுவார். ஆனால் பத்துப் பிள்ளைகள் சுற்றி நின்று ‘ஏன் எரிச்சீங்க?’ என்று கேட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ஒருத்தியை இறக்கிவிட்டு இன்னொருத்தியை ஏற்ற வேண்டாம். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அந்த மருமகள் கதை எழுதும்போது வீட்டில் சமைத்தது யார் என்று ஒரு வரி சேருங்கள். அது போதும்.

சிவரஞ்சனி வாசிப்பது ஜனவரி 23, வியாழக்கிழமை. எனக்கு அவள் சொல்லவில்லை. அவள் தோழி அன்புமொழி சொன்னாள். நான் வர மாட்டேன். நான் வந்தால் அவளுக்குக் குரல் நடுங்கும்.

இப்படிக்கு,
பொன்னுத்தாய்

புதுக்கோட்டை
25-1-2025

அன்புள்ள பொன்னுவுக்கு,

சுகமாக இருப்பாய். இந்தக் கடிதத்தைப் படித்ததும் இன்னும் சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். துறைத் தலைவரிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். உன் மகள் உன்னைப் போலவே மூக்கைச் சுளிக்கிறாள். கட்டுரையின் தலைப்பை அவளாகவே மாற்றியிருந்தாள்: ‘தங்கத்தாய் ஏன் பேசவில்லை?’ முந்நூறு பக்க நாவலில் தங்கத்தாய் பேசும் வசனம் மொத்தம் ஏழுதான் என்று எண்ணி வந்திருக்கிறாள். பெண்களின் குரலை எழுதுகிறவர் என்று பெயர் வாங்கியவர், ஒரு பெண்ணிடம் மட்டும் ஏன் ஏழு வசனத்தோடு நிறுத்திக்கொண்டார் என்று கேட்டாள். இருபது வருஷமாக என் நாவலைப் பற்றி எழுதிய எந்த விமர்சகரும் கேட்காத கேள்வி. எனக்குக் காது சூடாகிவிட்டது.

அவள் முடித்ததும் எழுந்தேன். நான் யார் என்று தெரிந்ததும் வகுப்பில் ஒரே சலசலப்பு. சிவரஞ்சனி கையில் இருந்த தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டாள். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது நான்தான். என் நோட்டுகள் எரிந்தது உண்மை. எரித்தது என் நாத்தனார் இல்லை. அவர் அடுப்பருகே நின்றார், நான் அவர்தான் என்று முடிவு செய்தேன். விசாரிக்காமல் எழுதினேன். அவருக்குப் பேச இடமே கொடுக்கவில்லை.”

ஒரு பெண் எழுந்து, “அப்ப செஞ்சது யாரு மேடம்?” என்றாள். “என்மேல ரொம்பப் பிரியமான ஒருத்தர். பயத்தில செஞ்சாங்க. பேர் வேண்டாம்” என்றேன். இன்னொருத்தி, “அப்ப நாவல் பொய்யா மேடம்?” என்றாள். “எனக்கு வலிச்சது பொய்யில்லம்மா. யாரால வலிச்சதுங்கிறதுல தப்பு பண்ணிட்டேன்” என்றேன். அவர்களுக்கு அது போதுமானதாக இருந்ததா என்று தெரியவில்லை. எனக்கும் போதவில்லை.

நீ தள்ளிய கம்பைப் பற்றி நான் சொல்லவில்லை. அதைச் சொல்வதா வேண்டாமா என்பது உன் விருப்பம்.

பஸ் ஸ்டாண்டு வரை சிவரஞ்சனி கூடவே வந்தாள். என் பஸ் வந்ததும், “ஒங்கள அத்தைன்னு கூப்பிடலாமா?” என்று கேட்டாள். “மாமாவ வச்சுக் கூப்பிடாத. ஒங்கம்மாவ வச்சுக் கூப்பிடு” என்றேன். சிரித்தாள். இந்த வாரம் ஊருக்குப் போவதாகச் சொன்னாள். வந்தாளா?

அம்மா ஒரு மாறுதலுக்காக அன்னவாசலில் சித்தி வீட்டுக்குப் போய்ப் பதினைந்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்கிறார். நாளை பஸ் ஏற்றிவிடப் போகிறேன்.

உன் மதினி,
பிரகதா

குடுமியான்மலை
3-2-2025

அன்புள்ள மதினிக்கு,

நான் சுகம். சிவரஞ்சனி சுகம். அத்தையும் சுகம். அதை நான் எழுதக் காரணம், அவர் அன்னவாசலில் இல்லை. மூன்று நாளாக என் வீட்டில் இருக்கிறார். பதறாதீர்கள். போனில் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, “சொன்னா உடனே ஓடியாந்து என்னைய இழுத்துட்டுப் போயிருவா. கடுதாசியாப் போடு, மெதுவா வரட்டும்” என்கிறார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் தெரிந்தது. அத்தை, கையில் மஞ்சப் பை. முகம் சுருங்கியிருந்தது. குரல் மாறவில்லை. “பொன்னுதானே?” என்றார்.

“வாங்கத்தே” என்று மட்டும் வந்தது. பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். முட்டை உரித்து எல்லாருக்கும் கொடுத்து முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு என் கையைப் பிடித்தார்.

“அன்னைக்கு ஒரு வாக்குக் கேட்டேன். கேட்டவ மறந்துட்டு ஊர் ஊரா மக கூட மேடைக்குப் போயி மாலை வாங்கிக்கிட்டேன். நீ இங்கிட்டு இருந்து சொமந்துக்கிட்டு இருந்திருக்க. போதும்டி. எறக்கி வச்சிரு.”

பிள்ளைகள் முன்னால் அழக் கூடாது என்று எவ்வளவோ பார்த்தேன், மதினி. முடியவில்லை. ஒரு குழந்தை வந்து என் முந்தானையை எடுத்து என் கண்ணைத் துடைத்துவிட்டது.

சனிக்கிழமை சிவரஞ்சனி வந்தாள். அதற்கு முந்தின வாரமே ஒரு தடவை வந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, “நீ ஏம்மா சொல்லல?” என்று கேட்டாள். அப்போது நான் பாதிதான் சொல்லியிருந்தேன். இந்தத் தடவை அத்தையை உட்கார வைத்துக்கொண்டு முழுசாகச் சொன்னேன், கம்பால் தள்ளியது உட்பட. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், “ஒனக்கு அப்ப என் வயசும்மா” என்றாள். எழுந்து போய் மூன்று பேருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

அத்தை வந்தது அண்ணனுக்கும் தெரிந்துவிட்டது. நேற்று கொல்லை வேலிப் பக்கம் வந்து நின்றார். “வாங்க” என்றார். அத்தை, “இருக்கேன் நாகராசு” என்றார். அவ்வளவுதான். அவர் போய்விட்டார்.

அத்தை வருகிற சனிக்கிழமைக்கு முன்னால் கிளம்புவதாக இல்லை. கூட்டிப்போக நீங்கள்தான் வர வேண்டும். இதற்குப் பதில் எழுத வேண்டாம். காலை ஒன்பதரை பஸ்ஸில் ஏறினால் பத்தரைக்கு இங்கே இறங்கலாம். சிவரஞ்சனி ஸ்டாப்பில் நிற்பாள்.

இருபத்தைந்து வருஷம் கழித்து இந்தத் தெருவுக்குள் எப்படி நுழைவது என்று யோசிப்பீர்கள். எனக்குத் தெரியும். அண்ணன் வாசலில் உட்கார்ந்திருக்கலாம், அவர் வீட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். இருந்தால் இருக்கட்டும், மதினி. நீங்கள் வருவது என் வீட்டுக்கு.

இப்படிக்கு,
பொன்னுத்தாய்